டிராகன் செத்தால்தான் நோன்பு திறக்கணுமாம்!

வளைகுடாவில், அல் குசைஸில் ஒரு மால் தியேட்டரில் நான் புரொஜெக்ஷன் டெக்னீஷியன். புதுசாக வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ரம்ஜான் மாசம் நோன்பு திறக்கிற நேரத்தில் டோர் டியூட்டியை இந்துக்களும் எங்களைப் போன்ற கிறிஸ்தவர்களும் பார்ப்போம். கிறிஸ்துமஸ் அன்று எங்கள் டியூட்டியை பாய்மார் பார்ப்பார்கள். யாரும் உத்தரவு போட்டதில்லை.

அந்த ரம்ஜானில் ஒரு ரஷ்ய ஃபேண்டஸி படத்தின் இரண்டாம் பாகம் வந்தது. பொய் சொல்லக் கூடாது, கண்ணைப் பறிக்கிற படம். பனி அரண்மனை, பறக்கும் கப்பல், செதில் மின்னும் டிராகன். ஆனால் என்ன நீளம்! ஃபைலை சர்வரில் ஏற்றி ரன்னிங் டைமைப் பார்த்ததுமே மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், முதல் பாகத்தை விட இது முக்கால் மணி நேரம் கூட. சாயங்கால ஷோ நோன்பு திறக்குற நேரத்தைத் தாண்டிரும்."

"முதல் பாகத்துக்கு வச்ச ஷெட்யூலையே போட்டாச்சு அந்தோணி. டிக்கெட்டும் வித்தாச்சு. நீ மிஷினைப் பாரு" என்றார். பார்க்காமலே ஷெட்யூல் போடுவார்களாம், பார்த்துச் சொன்னவன் மிஷினைப் பார்க்கணுமாம்!

ஷோ சீக்கிரம் முடிந்துவிடும் என்ற நினைப்பில் அந்த ஹால் வாசலுக்கு மாற்று ஆள் போடவில்லை. கீழக்கரை ரபீக் பாய் தனியாக நின்றார். பெருநாளுக்கு அவர் மகளுக்கு நிக்காஹ். லீவு கிடைத்திருந்தது. ஒரு ரிப்போர்ட் விழுந்தால் லீவு கலாஸ்.

டிராகன் செத்தது. நம் ஊர்ப் படமென்றால் அதோடு வணக்கம் போட்டிருப்பான். சனம் எழுந்தது, பாய் கதவைத் திறந்தார். பார்த்தால் டிராகனுக்கு ஒரு தம்பி! எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். பாங்கு சொல்லியாகிவிட்டது. நான் தண்ணீரும் பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

"பாய், நீங்க போங்க. நான் நிக்கேன்."

"இருக்கட்டும் தம்பி, கேமரா பாக்குது. இதை மட்டும் வாயில போட்டுக்கிறேன்."

ஒரே ஒரு பழம். அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "யூனிஃபார்ம்ல வாசல்ல நின்னு சாப்பிடறதா? கஸ்டமர் என்ன நினைப்பாங்க? நாளைக்கு ரிப்போர்ட் போடறேன்."

பாய் வாய்க்குள் இருந்த பழத்தை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நின்ற மனுசன். தப்பு யாருடையது, தலை யாருடையது? கேமராவுக்கு நேராக நின்று நானும் ஒரு பழத்தை வாயில் போட்டேன்.

"என் பேரையும் எழுதுங்க சார். எனக்கு நோன்புகூட இல்ல. ஏன் லேட்டாச்சுன்னும் சேர்த்து எழுதுங்க."

பக்கத்து ஹால் கிளீனர் முருகன் விளக்குமாறைச் சாய்த்து வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "அண்ணே, எனக்கும் ஒண்ணு."

மேனேஜர் எங்களைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார். ரிப்போர்ட் வரவில்லை. பாய் நிக்காஹுக்குப் போய் வந்தார்.

முதல் பாகத்தை வைத்து இரண்டாம் பாகத்துக்கு டைம் போடாதீர்கள். அப்படி எவனாவது போட்டு, கூட நிற்கிறவர் தலையில் அது விடிந்தால், அவரைத் தனியாக மெல்ல விடாதீர்கள்.