தேயிலைப் பெட்டிப் பலகையில் ஆறு மணி நேரம்

அவர் கத்தியது எனக்குக் கேட்கவில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். சைலென்சர் கழற்றிய வண்டி, அதிர்கிற தகரம், காற்று என்று காரணங்களும் சொன்னேன். தகப்பனாரைத் தவிர யாரும் சந்தேகப்படவில்லை. எனக்குக் கேட்டது. முதல் தடவையே கேட்டது.

அறுபதுகளின் தொடக்கம். மாத்தளையில் என் தகப்பனாருக்கு மூன்று லொறிகள் ஓடின. கொக்கோவும் மிளகும் கொழும்புக்குப் போகும். நான் கண்டியில் படித்து முடித்துவிட்டு, எந்த வேலையும் பழகாமல், நல்ல சட்டை போட்டுக்கொண்டு திரிந்தேன். நாட்டை விட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரையின் ஸ்போர்ட்ஸ் கார் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் கோழி அடைந்து கிடந்தது. அதை வாங்கினேன்.

சிகிரியாப் பக்கம் இரண்டாம் உலக யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுபாதை ஒன்று சும்மா கிடந்தது. பழைய கார் வைத்திருந்த நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து அங்கே பீப்பாய்களை வைத்துச் சுற்றி வருகிற ஆறு மணி நேர ஓட்டம் நடத்துவதென்று முடிவு செய்தோம். விதிகள் இரண்டுதான். ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் விலைக்கு மேல் வண்டிக்குச் செலவழிக்கக் கூடாது. வண்டியைப் பழுது பார்த்தவர் ஓட்டுபவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும்.

எனக்குப் பழுது பார்த்தவர் எங்கள் லொறி ஷெட்டில் வேலை செய்தவர். கைவேலை தெரிந்தவரை எங்கள் ஊரில் பாஸ் என்போம். அவரையும் அப்படித்தான் கூப்பிட்டோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தோட்டத் தொழிலாளரின் வரிசை அறைகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவர். லைசன்ஸ் எடுத்துப் பல வருடமாகியும் ஷெட்டிலேயே கிடந்தார். தகப்பனார் நாலாவது லொறி எடுக்க இருந்தார். அதற்கு டிரைவராக வேண்டும் என்பதுதான் பாஸின் ஒரே ஆசை. எங்கள் டிரைவர்களுக்கு இரண்டு அறை வீடு உண்டு. அவருடைய பெண்சாதியும் பிள்ளைகளும் மச்சானின் லயத்து அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டத்தை முடிச்சுக் குடு. லொறிக்கு நான் அப்பாகிட்ட பேசுறேன்" என்றேன்.

"முடிச்சுருவோம் சின்ன மொதலாளி."

"இந்த வண்டியில நான் மொதலாளி இல்ல. தொரைன்னு கூப்புடு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கூப்புடலாம். நெறந்தான் கொஞ்சம் பத்தாது."

ஷெட்டில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

இறக்குமதி நின்றுபோன காலம், உதிரிப்பாகம் கிடைக்காது. எஞ்சின் தலைக்குக் கீழே வைக்கிற கேஸ்கெட்டை அவர் செப்புத் தகட்டில் வெட்டினார். இரண்டு கார்புரேட்டரையும் சமப்படுத்த, ஒரு ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியை அவற்றின் வாயிலும் மாற்றி மாற்றி வைத்துக் கேட்பார். "ரெண்டும் ஒரே மாதிரி மூச்சு விடணும் தொரை." கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிக் காட்டுவார். "காப்பித்தூள் நெறம். இதுதான் சரி. வெள்ளையாப் போனா பெற்றோல் பத்தலன்னு அர்த்தம். சூடு ஏறும்." கேலியாகத் தொடங்கிய தொரை அதற்குள் அவருக்குப் பழகிவிட்டிருந்தது.

எனக்கு வண்டியின் பாரம் குறைய வேண்டியிருந்தது. கதவுகளைக் கழற்றச் சொன்னேன். அவருடைய இருக்கையை எடுத்துவிட்டு மடித்த சாக்கு ஒன்றைப் போடச் சொன்னேன். பிறகு அவர் கால் வைக்கிற பக்கத்துத் தடித்த அடிப்பலகையைக் காட்டி, அதற்குப் பதில் தேயிலைப் பெட்டிப் பலகையை அறையச் சொன்னேன்.

"தொரை, இது அப்பளம் மாதிரி இருக்கு. கீழ எக்ஸோஸ்ட் பைப் ஓடுது."

"உள்பக்கம் ஈயத்தாள் இருக்குல்ல? சூடு தாங்கும்."

"அது தேயிலையில ஈரம் படாம இருக்க ஒட்டுனது."

"சொன்னதைச் செய்."

செய்தார். என் பக்கத்துப் பலகையை நான் மாற்றச் சொல்லவில்லை.

ஓட்டத்துக்கு முதல் நாள், அவர் வீட்டுக்குப் போன பிறகு, கார்புரேட்டர் இரண்டின் நட்டையும் நானே கொஞ்சம் திருகிப் பெற்றோலைக் குறைத்தேன். பெற்றோல் ஊற்ற ஒரு தடவை குறைவாக நின்றால் போதுமே என்று கணக்குப் போட்டேன்.

மறுநாள் காலை, பாஸ் யாரிடமோ இரவல் வாங்கிய கேன்வாஸ் சப்பாத்தோடு வந்தார். தோட்டத்தில் துரை எதிரே வந்தால் தொழிலாளி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து ஓரமாக நிற்க வேண்டும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் சிநேகிதர்கள் சுற்றி நின்றார்கள்.

"என்ன பாஸ், தொரை வண்டியில சப்பாத்தோட ஏறப் பாக்குற?"

சிநேகிதர்கள் சிரித்தார்கள். விளையாட்டாகத்தான் கேட்டேன் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். ஆனால் எஞ்சினைக் கிளப்பாமல் காத்திருந்தேன். எதற்குப் பழி வாங்குகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"மறந்து போச்சுங்க தொரை" என்று குனிந்து நாடாவை அவிழ்த்தார். வெறுங்காலோடு ஏறினார்.

முதல் சுற்றிலேயே, "சத்தம் மாறியிருக்கே, யாரு கை வெச்சது?" என்றார். நான் ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

ஐந்தாவது மணி நேரத்தில் நாங்கள் மூன்றாவதாக ஓடிக்கொண்டிருந்தோம். மரம் கருகுகிற வாசனை வந்தது. கூடவே லேசாகத் தேயிலை வாசனையும். அவருக்குக் கதவில்லை, இருக்கையில்லை. ஒவ்வொரு வளைவிலும் வெளியே தூக்கி எறியப்படாமல் இருக்க, இடது காலை அந்தப் பலகையில்தான் அழுத்தி ஊன்ற வேண்டும்.

"தொரை, நிப்பாட்டுங்க! பலகை பத்துது!"

நேரே பார்த்து ஓட்டினேன். அடுத்த வளைவில், "காலு தொரை, காலு!" என்றார். என் தோளைப் பிடித்து உலுக்கினார். கையைத் தட்டிவிட்டேன். அதற்கடுத்த வளைவில் தொரை போய்விட்டது. "ஐயோ தம்பி, தம்பி!" என்றார்.

நின்று தண்ணீர் ஊற்றியிருந்தால் இரண்டு சுற்றுப் பின்தங்கியிருப்போம். அது மட்டும் காரணமல்ல. அவர் கெஞ்சுவது எனக்குப் பிடித்திருந்தது. இந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு இத்தனை வயதாக வேண்டியிருந்தது.

மூன்றாவதாக முடித்தோம். அவரால் இறங்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கினார்கள். உள்ளங்கால் தோல் பலகையோடு நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்குத் தகப்பனார் வந்தார். அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல.

"இவன் கேக்கலங்குறான். நீ கத்துனியா இல்லியா?"

பாஸ் என்னைப் பார்த்தார். புது லொறி வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.

"இல்லீங்க மொதலாளி. மரத்துப் போச்சு. எனக்கே தெரியல."

"வாயத் தொறந்து சொன்னா நிறுத்தியிருப்பான்ல?"

"என் தப்புதாங்க."

வெளியே வந்ததும் தகப்பனார் சொன்னார்: "லொறிய இவன்கிட்டதான் குடுக்கணும்னு இருந்தேன். நரம்பு சுருங்கிருமாம். எதுக்கும் ஒரு வருஷம் பொறுத்துப் பாக்கலாமா? அதுவரைக்கும் நீ ஓட்டு."

அதாவது, என் சிபாரிசு ஒருபோதும் தேவைப்பட்டிருக்கவில்லை. இப்போதுதான் முதல் தடவையாக என் வார்த்தைக்கு மதிப்பு வந்திருந்தது. கொழும்புப் பாதையில் ஒரு வருடம் லொறி ஓட்டுவதையும், தினமும் ஷெட்டில் அவர் நொண்டி நடப்பதைப் பார்ப்பதையும் நினைத்தேன்.

"அந்தக் காலோட கிளச்ச மிதிக்க மாட்டாருப்பா. வேற ஆளப் பாருங்க" என்றேன்.

வேறு ஆள் வந்தார். அந்தக் காலோடு பாஸால் ஷெட் வேலையையும் தொடர முடியவில்லை. சில மாதம் கழித்து, பாஸ் தன் ஸ்பேனர் சாவிகளையும் ரப்பர் குழாயையும் எடுத்துப் போக ஷெட்டுக்கு வந்தார். கம்பு ஊன்றியிருந்தார். குதிகால் தரையில் படவில்லை. நான் மட்டும் இருந்தேன்.

"சின்ன மொதலாளி, அப்பாகிட்ட பேசுனீங்களா?"

"பேசுனேன். அவருதான் ஒத்துக்கல."

"பேசுனீங்களே, அதுவே பெருசு" என்றார். கம்பை இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்து என்னைக் கும்பிட்டார்.

நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.