கருவாட்டை ஒளித்துவைத்து எடுத்த படம்

இந்தக் கரையில் அரைவாசிப் பெண்களுக்கு வீடியோ எடுக்கப் படிப்பித்த மாஸ்டர் நான். பொய். நான் சனசமூக நிலையத்துக் கதவைத் திறந்து பூட்டுகிறவன். கொழும்பிலிருந்து வந்த மிஸ் இரண்டு சனிக்கிழமை படிப்பித்துவிட்டுக் கலியாணம் கட்டிப் போய்விட்டார். அடுத்த சனிக்கிழமையும் பெண்கள் வந்து கதிரைகளில் இருந்துவிட்டார்கள். எழும்பிப் போகச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் துரத்திக் கலைத்துவிட்டது. அந்தக் கோபத்தில் நானே கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றேன்.

போனைக் குறுக்காகப் பிடியுங்கள், சூரியனை முதுகுக்குப் பின்னால் வையுங்கள், எடுக்கும்போது மூச்சு விடாதீர்கள் என்றேன். கடைசியாகச் சொன்னது என் சொந்தக் கண்டுபிடிப்பு. ஒரு ஆச்சி மயங்கி விழப் பார்த்தார்.

வகுப்பில் கெட்டிக்காரி, வன்னியிலிருந்து வந்த ஓர் அக்கா. புருஷனைச் சண்டையில் பறிகொடுத்துவிட்டு, மகளோடு எங்கள் கரைக்கு வந்து கருவாடு போட்டுச் சீவித்தவர். அந்தக் கரையை ஒரு ஹோட்டல்காரர் கேட்டிருந்தார். யாரும் பாவிக்காத வெறும் மணல் என்று அரசாங்கத்தின் காணிக் கந்தோரில் எழுதிக் கொடுத்திருந்தாராம். நீங்கள் பாவிக்கிறீர்கள் என்றால் காட்டுங்கள் பார்ப்போம் என்று கந்தோர் சேர் சொல்லியனுப்பினார்.

"தம்பி, வீடியோ எடுத்துக் காட்டுவமோ?" என்று அக்கா கேட்டார்.

"ஓம் அக்கா. நான் இருக்கிறன்தானே."

"அதுதான் பயமாக் கிடக்கு."

மறுநாள் காலை போனபோது கரையை எனக்கு அடையாளம் மட்டுக்கட்ட முடியவில்லை. கருவாடு காயப்போடுகிற பாய்களைச் சுருட்டியிருந்தார்கள். மீன் வெட்டுகிற பலகை, உப்புப் பீப்பாய் ஒன்றும் இல்லை. கோயில் பெருநாளுக்கு மாதா சுரூபம் சுற்றி வருகிற அன்றைக்குப்போல மணலைக் கூட்டியிருந்தார்கள். பெருநாள் சீலையோடு எல்லாரும் வரிசையாக நின்றார்கள். பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றால் எங்கள் ஆட்களின் கை தன்பாட்டில் விளக்குமாற்றை எடுத்துவிடும்.

"அக்கா, கருவாடு எங்க?"

"பத்தைக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கு. பெரியாக்கள் பாக்கிற படத்தில நாத்தத்தையோ காட்டுறது?"

"வீடியோவில நாத்தம் வராது அக்கா."

"உனக்குத் தெரியும். அவைக்குத் தெரியுமோ?"

"காட்டினாத்தானே நம்புவாங்கள்?"

"நாங்கள் வாயால சொல்லுறம். நீ பேசாமப் பிடி."

பிடித்தேன். வெள்ளை மணல், நீலக் கடல், சிவப்புச் சீலை. அவ்வளவு வடிவான படம் நான் எடுத்ததே இல்லை. அந்தப் பெருமையில் கருவாட்டை நானும் மறந்துபோனேன்.

கந்தோரில் சேர் அதைக் கடைசிவரை பார்த்தார். பெண்கள் ஒவ்வொருவராக வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். கேட்டதெல்லாம் எங்கள் கரையின் காற்று மட்டும்தான்.

"நல்ல சுத்தமான கரை" என்றார் சேர். "அவர் சொன்னது சரிதானே. ஒண்டும் இல்ல."

"கருவாட்ட ஒளிச்சு வச்சனாங்கள், சேர்" என்றார் அக்கா.

"ஏன் ஒளிச்சீங்க?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் போனின் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.

அந்த மாதமே முள்கம்பி வந்தது. இப்போது கருவாடு காய்வது சனசமூக நிலையத்து முற்றத்தில். அந்த மணத்துக்குள் வகுப்புக்கு ஒருவரும் வருவதில்லை. காகமும் பூனையும் ஒழுங்காக வருகின்றன. அக்காவின் மகள் வேலிக்கு அந்தப் பக்கம் ஹோட்டலில் கட்டில் விரிக்கிறாள். தாய் பிழைத்த மணலை மகள் இப்போது அவர்களிடம் கேட்டுத்தான் மிதிக்க வேண்டும்.

கம்பி அடிக்க வந்த பெடியன்களுக்கு அக்கா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு ரோசமே இல்லையா என்று கேட்டேன். அக்கா கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு என்னிடம் சொன்னது என்னவென்றால்...

"டேய் தம்பி, மழை இருட்டுது. போனை நோண்டினது காணும், வந்து கருவாட்ட மூடுற படங்கில ஒரு பக்கத்தப் பிடி."

போனில் இதை எழுதிக்கொண்டிருக்கிற என்னை இப்போது அக்காதான் முற்றத்தில் நின்று கூப்பிடுகிறார். கருவாடு நனையப்போகிறது. நான் போகவேண்டும்.