கறுப்பையாவுக்குப் போட்டியாக வந்த குளிசை

என் மாமனார் கறுப்பையாவைப் பற்றி யாரைக் கேட்டாலும், தங்கமான மனுஷர், பீடி சுருட்டு கிடையாது, சம்பளத்தை உறை பிரிக்காமல் மனைவி கையில் கொடுத்தவர் என்றுதான் ஆரம்பிப்பார்கள். எல்லாம் உண்மைதான். அவருடைய பொறாமையைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். மருமகள் நான் சொல்கிறேன், எனக்கென்ன பயம்? மனுஷர் எலும்புக்குப் போடும் ஒரு வெள்ளைக் குளிசையை, ஒரு மருந்து மாத்திரையைப் பார்த்துப் பொறாமைப்பட்டவர்.

ஹுன்னஸ்கிரியப் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்து, அங்கேயே தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். மாமி வேலாயி அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கல்யாணமான புதிதில் ஒரு நாள், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "வேலாயி கூடையில ஒரு முத்தல் எல இருக்கா பாருங்க" என்று புகழ்ந்துவிட்டாராம். மாமா அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பட்டினி. பார்த்தார் மாமி. அடுத்த நாள் வேண்டுமென்றே முத்தல் இலையையும் சேர்த்துப் பறித்துக்கொண்டு போய், அதே கணக்கப்பிள்ளையிடம், அதே சனங்களுக்கு முன்னால் ஏச்சு வாங்கினார். அதற்குப் பிறகுதான் மனுஷர் சோற்றில் கை வைத்தார். இந்தக் கதையை மாமி சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

ரத்தொட்டையில் மாமியின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தபோது, முன்பு மாமியைப் பெண் கேட்டு வந்த ஒருவன் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் இருந்தானாம். பொழுது சாய்வதற்குள் தோட்டத்து லயத்து வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லித்தான் மாமா அனுப்பினார். கல்யாணம் நேரத்துக்கு நடக்கவில்லை. தங்கை கழுத்தில் தாலி ஏறும்போது மாமி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். பொறாமை எல்லாம் பாசம்தான் என்று பேசும் ஆட்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மாமாவிடம் ஒரு நல்ல குணமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மலை ஏறி இறங்கி உழைத்த கால்கள் மாமிக்கு. படுத்தால் கெண்டைக்கால் சதை இழுத்துக் கல்லாகப் பிடித்துக்கொள்ளும். மாமி "ஆ" என்று முனகுவதற்குள் மாமா எழுந்துவிடுவார். கட்டிலுக்கு அடியில் நல்லெண்ணெய்ப் போத்தல் எப்போதும் தயார். எண்ணெயை உள்ளங்கையில் சூடு பறக்கத் தேய்த்து, காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, "இந்தா, இந்த எடந்தானே, விட்டுருச்சா, இன்னுங் கொஞ்சம்" என்று குழந்தைக்குச் சொல்வது மாதிரிப் பேசிக்கொண்டே உருவிவிடுவார். பென்ஷன் எடுத்துக்கொண்டு கட்டுகஸ்தோட்டையில் எங்களோடு வந்து இருந்த பிறகும் அது நிற்கவில்லை.

எங்கள் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். என் வீட்டுக்காரர் படுத்தால் விடிந்த பிறகுதான் எழும்பும் பிறவி. எனக்குப் பிரசவ வலி எடுத்தபோதுகூட நான்தான் அவரை உலுக்கி எழுப்பினேன். "ஆஸ்பத்திரிக்கா, இப்பவேவா?" என்று கேட்டார். அப்படிப்பட்ட மனுஷர் பக்கத்தில் குறட்டை விட, அந்தப் பக்கம் மாமா "விட்டுருச்சா ஆத்தா?" என்று கேட்பதும் மாமி "விட்டுருச்சு" என்பதும் காதில் விழும். வயிறு எரியாமல் என்ன செய்யும்? அந்த விஷயத்தில் எனக்கு மாமி மேல் பொறாமை இருந்தது. ஒளிக்க ஒன்றுமில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மாமி உடுப்பு கழுவும் கல்லடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மருந்துப் பத்துப் போட்டு, கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கண்டிக்குக் கிளினிக் கூட்டிப்போனேன். டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பு ரொம்ப மெலிந்துவிட்டது, கல்சியம் சேர வேண்டும் என்றார். கால் இழுப்பதை நான் சொன்னேன். இரத்தம் சோதித்து, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதென்று பார்த்த பிறகு, கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த குளிசை ஒன்றை எழுதினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இனி விழவே விடாதீங்க. இடுப்பு எலும்பு முறிஞ்சா பிறகு படுக்கைதான்" என்றார். அந்தப் பேச்சு என் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

நான் வேலை செய்வது கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட உள்ள ஒரு பார்மசியில். முதலாளி ஸெய்னுலாப்தீன். ஊரில் எல்லோருக்கும் அவர் நானா, அதாவது அண்ணன். குளிசைப் போத்தலை அவரே மாமி கையில் கொடுத்து, "ராச்சோறு திண்ட பொறகு போடுங்கம்மா, நல்லா தண்ணி குடிங்க. தேத்தண்ணியோட போட வாணாம்" என்று பொறுமையாகச் சொன்னார். மாமி அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார்.

வந்தது வினை. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் மாமாவும் மாமியும் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு சக்கரைக் கட்டித் துண்டை இரண்டாக உடைத்து, ஆளுக்குப் பாதி கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடிப்பது வழக்கம். அன்றைக்கு மாமி கையில் தண்ணீர்க் கிளாசோடு வந்து உட்கார்ந்தார்.

"தேத்தண்ணி எங்க?" என்றார் மாமா.

"எனக்கு வேணாங்க. இந்த நேரத்துல தேத்தண்ணி வேணாம்னு நானா சொன்னாரு."

"நாளைக்கு அந்த நானா சோறு வேணாம்னு சொன்னா சோத்தையும் விட்டுருவியா?"

மாமி குளிசையை விழுங்கினார். மாமா முழுச் சக்கரைத் துண்டையும் தன் வாயில் போட்டுக் கடித்தார். பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

கொஞ்ச நாள் போயிருக்கும், மாமியின் கால் இழுப்பது குறைந்து, பிறகு நின்றே போனது. மாமி பச்சைக் குழந்தை மாதிரித் தூங்கினார். தூங்காமல் கிடந்தது மாமாதான். "காலு எப்புடி இருக்கு?" என்று கேட்பார். "நல்லா இருக்கு, தூங்குங்க" என்பார் மாமி. கொஞ்ச நேரம் கழித்து, "சும்மா சொல்லாத, இழுக்குதா?" என்பார். பலகைக்கு இந்தப் பக்கம் நான் தலையணையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்குவேன். எண்ணெய்ப் போத்தலில் தூசி படிந்தது.

பிறகு சிரிக்க முடியாமல் போயிற்று. மாமா குளிசைக்கு மரியாதை கொடுத்துப் பேச ஆரம்பித்தார். "ஒன் ஆளு இன்னிக்கி என்ன சொல்றாரு, போத்தலுக்குள்ள சொகமா இருக்காரா?" என்பார். மாமி வந்தவர்களிடம் நானாவுக்குக் கைராசி என்று புகழ்ந்தால் எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு நாள் என் மேல் பாய்ந்தார்.

"நீதானே புள்ள கொண்டாந்து சேத்த. பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் சொல்றான், இதத் தின்னா வயித்துல கல்லு கட்டுமாம்."

"பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் டாக்டருக்குப் படிச்சவனா மாமா? அளவோட போட்டுத் தண்ணி குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டரே சொன்னாரு. மாமி விழுந்து இடுப்ப ஒடச்சுக்கிட்டா நீங்க தூக்கிவிடுவீங்களா?"

"தூக்குவேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எனக்குத் திக்கென்றது. நிஜமாகவே அதற்கும் தயாராக இருந்தார் மனுஷர்.

அடுத்த வாரம் குளிசைப் போத்தலைக் காணவில்லை. அடுப்படிக் குசினி ஜன்னலோரம் வைத்த போத்தல். மாமாவைக் கேட்டால், குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டதாம். எங்கள் பக்கம் குரங்குத் தொல்லை இல்லாத வீடு கிடையாது, பாண் ரொட்டியைத் தூக்கும், பப்பாசிப் பழத்தைத் தூக்கும், காயப்போட்ட உடுப்பையும் விடாது. அதனால் நானும் நம்பினேன். "கெழட்டுக் கொரங்கு ஒண்ணு, காதுல ஒரு பக்கம் பிஞ்சிருந்துச்சு" என்று அடையாளமும் சொன்னார். "பாவம், அதுக்கு என்ன வலியோ" என்று மாமி இரக்கப்பட்டார். எங்கள் கடையிலும் கண்டிக் கடைகளிலும் அந்தக் குளிசை முடிந்து, கொழும்பிலிருந்து வர வேண்டியிருந்தது.

மாமிக்குக் கால் மறுபடி இழுக்கத் தொடங்கியது. மாமாவைப் பார்க்க வேண்டுமே. பத்து வயது குறைந்துபோனார். எண்ணெய்ப் போத்தலைத் துடைத்து வைத்தார். காலையில் முகச்சவரம் செய்யும்போது விசில் அடித்தார். சக்கரையை இரண்டாக உடைத்து மாமிக்குப் பெரிய பாதியைக் கொடுத்தார். மாமி கண்ணுக்குக் கீழே கருத்து, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிந்தார். ஒரு நாள் குழாயடிப் படியில் இறங்கும்போது கால் இழுத்து, கையிலிருந்த வாளி உருண்டு போயிற்று. மாமி கொடிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கியதால் தப்பினார். நான் ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

அதைக் கடையில் றிஸானாவிடம் சொல்லிப் புலம்பினேன். என்னோடு வேலை செய்கிற பிள்ளை, தினமும் பஸ்ஸில் பாலத்தைக் கடந்து வருகிறவள், எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவையும் பார்த்திருக்கிறாள். குரங்குக் கதையைக் கேட்டதும் அவள் முகம் ஒரு மாதிரியாகப் போனது.

"அக்கா, ஒங்கட மாமா அண்டைக்கு பாலத்துல நிண்டு ஒரு போத்தல ஆத்துக்கு வீசினத நான் பஸ்ஸுல இருந்து கண்டேன். பழைய மருந்தாக்கும் எண்டு நெனச்சேன்."

அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து போனேனா பறந்து போனேனா தெரியாது. மாமா வாசற்படியில் சக்கரையை உடைத்துக்கொண்டிருந்தார். மாமி பக்கத்தில். என் வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுத்தும் நான் நிறுத்தவில்லை.

"மாமா, காது பிஞ்ச கொரங்கு கட்டுகஸ்தோட்டைப் பாலத்துல நின்னு போத்தல மகாவலியில போட்டுச்சாமே. சட்ட போட்டிருந்துச்சாம். கண்டவங்க சொன்னாங்க."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். அவர் கத்துவார், சாப்பிடாமல் படுப்பார் என்று எதிர்பார்த்தேன். மாமி சிரித்து மழுப்புவார் என்றும் எதிர்பார்த்தேன். மாமி சிரிக்கவில்லை.

"எதுக்குப் போட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நான் தேச்சு விட்டாப் போதாதா ஒனக்கு? இத்தன வருசம் அதுல தானே போச்சு."

"போகலீங்க" என்றார் மாமி.

"என்ன போகல?"

"வலி. நீங்க தேச்சா செல நாளு போகும். அநேகமா போகாது. ஒங்க கை கரடுமொரடு, அமுக்குறதுல இன்னுங் கொஞ்சம் வலிக்கும். வேணாம்னு சொன்னா மொகத்தத் தூக்கி வச்சுக்குவீங்க. காலையில பெரட்டுல பேர் குடுக்கப் போவணும், நீங்களும் ஃபெக்டரிக்குப் போவணும். விட்டுருச்சுன்னு சொல்லிட்டு செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவேன். நீங்க தூங்கிருவீங்க. நான் வலியோட கெடப்பேன்."

மாமாவின் கையிலிருந்த சக்கரை கீழே விழுந்தது. அவர் எடுக்கவில்லை. "ஒரு நாளும் சொல்லலியே வேலாயி" என்றார். "சொன்னா கேக்குற ஆளா நீங்க" என்றார் மாமி. அவர் குரலில் கோபம்கூட இல்லை. நான் எடுத்துக்கொண்டு வந்த சண்டையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உள்ளே போய்விட்டேன். எத்தனையோ ராத்திரி பலகைக்கு இந்தப் பக்கம் நான் பொறாமைப்பட்டுக் கேட்ட அந்த "விட்டுருச்சு" வெறும் பொய்யாக இருந்திருக்கிறது.

அதன் பிறகு மாமா யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் விடவில்லை, போட்டதைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். மாமிக்குக் கால் இழுத்தால், பக்கத்தில் எழுந்து உட்கார்ந்திருப்பார். தொடமாட்டார். பலகைக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் வராது.

கொழும்பிலிருந்து சாமான் வந்த அன்று சாயந்தரம் கடையில் நல்ல கூட்டம். நிமிர்ந்து பார்த்தால் மாமா. நான் வேலை செய்யும் இத்தனை காலத்தில் நானாவின் கடை வாசலை மிதிக்காத மனுஷர், வெள்ளைச் சட்டை போட்டு, தலை சீவி, வரிசையில் கடைசியாக நின்றார். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார். நான் எடுத்துக் கொடுக்கப் போனபோது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு நேரே நானாவிடம் போனார்.

"வாங்க கறுப்பையாண்ண, என்ன வேணும்?"

"எங்க வீட்டு அம்மாவுக்கு எலும்புக் குளுச. முந்தி வாங்குனதுதான்."

நானா புதுப் போத்தல் ஒன்றை எடுத்து வைத்தார். மாமா அதைக் கையில் எடுத்து அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், நகரவில்லை. பிறகு மேசை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஒண்ணு கேக்கவா மொதலாளி? இதத் தின்னா வலி மொத்தமா போயிருமா, இல்ல கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்குமா?"

மனைவி படும் பாட்டைத் தாங்க முடியாமல்தான் கேட்கிறார் என்று நானா நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. மாமாவின் தோளில் தட்டி, "யோசிக்க வாணாம். வுடாமப் போட்டா கொஞ்சமும் மிச்சம் இரிக்காது, நம்பிக் கொண்டு போங்க" என்றார்.

"நல்லது மொதலாளி" என்று சொல்லிவிட்டு, மாமா போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.