சித்தியோடு வந்த குட்டி

ஏலக்காய்ச் சாக்கின் காரமும் நெத்திலிக் கருவாட்டின் வாடையும் கலந்து, ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டை விட்டுப் போகவேயில்லை. சாந்தன்பாறைக்கு மேலே, ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய "லயத்தில்" இரண்டு அறைகள் கொண்ட வீடு அது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா காய்ச்சலில் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அம்மா வளர்த்த சாம்பல் நிறப் பூனையைச் "சாம்பி" என்று கூப்பிடுவோம். அது யாரையும் அண்டவிடாது. சோறு வைக்கும் அப்பாவின் கையையே கீறிவைக்கும். பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் வாசலில் கால் வைத்தால் லயம் முழுக்கக் கேட்கும்படி சீறும். அம்மாவின் பழைய சேலையை விரித்து நான் உட்கார்ந்திருந்தால் மட்டும் வந்து பக்கத்தில் சுருண்டுகொள்ளும்.

அப்பா போடியிலிருந்து சித்தியைக் கல்யாணம் செய்து கூட்டிவந்த அன்று, ஜீப்பை விட்டு இறங்கிய சித்தியின் கையில் மூடிபோட்ட ஒரு கூடை இருந்தது. உள்ளே நெற்றியில் கறுப்புப் புள்ளியோடு ஒரு வெள்ளைக் குட்டி.

"தாய்ப்பூனை லாரியில அடிபட்டுப் போச்சு. விட்டுட்டு வர மனசு வரல" என்றாள் சித்தி.

"இங்க இருக்கது ஒரு மாதிரிப் பூனை. ஒத்துவரலேன்னா ஞாயித்துக்கிழமை ஜீப்புல திருப்பி அனுப்பிருவேன்" என்றார் அப்பா.

சித்தி குட்டியை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். தினமும் காலையில் குட்டி படுத்த சாக்குத் துண்டை எடுத்துச் சாம்பியின் மூலையில் போடுவாள்; சாம்பி படுத்ததைக் குட்டிக்குக் கொடுப்பாள்; மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டும் அந்தப் பக்கம் ஒரு தட்டுமாகக் கருவாடு வைப்பாள். "கண்ணுல படறதுக்கு முன்னாடி மூக்குல பழகட்டும்" என்பாள். "பூனைக்குச் சம்பந்தம் பேசுற மாதிரில்ல இருக்கு" என்று லயத்துப் பெண்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐந்தாம் நாள் சித்தி குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் உள்ளறைக் கதவைத் திறந்துவிட்டேன். சாம்பி குட்டியைத் துரத்திவிடும், குட்டி ஊருக்குப் போய்விடும், அதன் பின்னாலேயே சித்தியும் போய்விடுவாள் என்று நினைத்தேன்.

எல்லாம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஓர் அலறல் கேட்டது, பாத்திரங்கள் உருண்டன, காது கிழிந்து ரத்தம் ஒழுக, குட்டி மழையில் பாய்ந்து தோட்டத்துக்குள் மறைந்தது. அந்த ரத்தத்தை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. குடத்தோடு திரும்பிய சித்தி கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஒரு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னால் ஓடினேன். ஆள் உயர ஏலச்செடிகளுக்குள், கால்களில் அட்டை கடிக்கக் கடிக்கத் தேடினோம். விழுந்து கிடந்த ஒரு மரத்தின் அடியில் மெல்லிய சத்தம் என் காதில்தான் முதலில் விழுந்தது. தவழ்ந்து போய்க் குட்டியை எடுத்தேன். அது நடுங்கிக்கொண்டே என் சட்டைக்குள் புகுந்துகொண்டது.

"நான்தான் தெறந்துவிட்டேன்" என்றேன்.

"தெரியும். மொதல்ல வீட்டுக்குப் போவோம், நீ நனைஞ்சு போயிட்ட" என்றாள் சித்தி.

சாயங்காலம் அப்பா குட்டியின் காதைப் பார்த்துவிட்டு என்ன ஆனது என்று கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள், "நான் கதவச் சரியாச் சாத்தல" என்று சித்தி சொல்லிவிட்டாள். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை அனுப்பிவிடுவோம் என்றார் அப்பா.

"வேண்டாம்ப்பா. அது இருக்கட்டும், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். அப்பா என்னை அதிசயமாகப் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஜீப் குட்டி இல்லாமலே போனது.

மறுநாளிலிருந்து சாக்குத் துண்டுகளை மாற்றிப் போடுவது என் வேலையாயிற்று. "பொட்டு" என்று பெயர் வைத்ததும் நான்தான். சாம்பி கதவுக்கு வெகுதூரத்தில் நின்று உறுமியதும், பிறகு உறுமிக்கொண்டே சாப்பிட்டதும், விரலளவு திறந்த கதவு வழியாக இரண்டும் முறைத்துக்கொண்டதுமாக வாரங்கள் போயின. ஓணத்துக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலிலிருந்து வந்து பார்த்தால், ஒரே சாக்கில், ஒரு சாண் இடைவெளி விட்டு, ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டும் தூங்கிக்கொண்டிருந்தன. சித்தி என் கையைப் பிடித்து வாசலிலேயே நிறுத்தினாள். முதன்முதலாக அவள் கையை நான் உதறாமல் இருந்தது அன்றுதான். அந்த ஒரு சாணுக்கு மேல் அவை நெருங்கவேயில்லை. ஆனால் பிறகு ஒருநாளும் சண்டையிட்டதில்லை.

லயத்தை இடித்துவிட்டு இப்போது அங்கே சுற்றுலாக்காரர்கள் தங்கும் அறைகள் கட்டியிருக்கிறார்கள். சாம்பியும் பொட்டுவும் போய்ப் பல வருடங்கள் ஆகின்றன, அப்பாவும் இல்லை. என் கோபமும் போய்விட்டது. அது எந்த நாளில் போனது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. சித்தி பூப்பாறையில் என் வீட்டில்தான் இருக்கிறாள். என் மகளுக்கு அவள் அம்மாச்சி. பழைய கதை ஏதோ காதில் விழ, சென்ற வாரம் மகள் நேராக அவளிடமே போய், "அப்ப நீங்க எங்கம்மாவுக்கு எப்ப அம்மா ஆனீங்க?" என்று கேட்டாள்.

சித்தி தேங்காய் துருவுவதை நிறுத்தாமல், "அதுக்கு ஒரு மழைக்காலம் பூரா ஆச்சு" என்றாள்.