மூன்றாவது வரிசை எலிகள்

நான் செய்த தப்பு மீன் எண்ணெயின் வாடையில் தொடங்கியது.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி வேலையில் மூன்று வருடம் விடுப்பு வாங்கிக்கொண்டு பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. என்னோடு படித்தவர்கள் துறைத்தலைவர்களாகியிருந்தார்கள். பட்டம் இல்லாமல் திரும்பிப் போக எனக்கு முகமில்லை.

என் கேள்வி எளிது. சர்க்கரையை அதிகமாகத் தின்னும் எலிகளின் உடம்பு சில வாரங்களில் இன்சுலினுக்கு மசியாமல் போகும். கணையம் மேலும் மேலும் சுரக்கும், ரத்தத்தில் கொழுப்பு ஏறும். அதே தீவனத்தில் மீன் எண்ணெயைச் சேர்த்தால் இதைத் தடுக்க முடியுமா? முதல் வரிசைக் கூண்டுகளுக்குச் சாதாரணத் தீவனம், இரண்டாவதற்குச் சர்க்கரைத் தீவனம், மூன்றாவதற்குச் சர்க்கரையோடு மீன் எண்ணெய்.

மீன் எண்ணெய் காற்றுப்பட்டால் சீக்கிரம் காறிப்போகும். ஆகவே தினமும் காலையில் புதிதாகக் கலக்க வேண்டும். இந்த விதியை என் கையாலேயே குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஆனால் நாங்கள் முட்டைகூடச் சேர்க்காத குடும்பம். கலந்த கையை எத்தனை முறை சோப்புப் போட்டாலும் வாடை போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்துபோவார். மனைவி குளித்த பிறகுதான் அடுப்படிக்குள் விடுவாள். மூன்று வாரம் பொறுத்தேன். பிறகு ஒரு வாரத்துக்கானதைத் திங்கட்கிழமையே கலந்து, மூடி போட்ட வாளியில் விலங்குக்கூடத்து அலமாரிக்குள் வைத்துவிடத் தொடங்கினேன். பொதுக் குளிர்ப்பெட்டியில் வைக்க மற்றவர்கள் சம்மதிக்கவில்லை. குறிப்பேட்டில் மட்டும் ‘புதிதாகக் கலந்தது’ என்று தினமும் எழுதினேன்.

விலங்குக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவர் நகரத்துக்குள்ளேயே ஒக்கலிபுரத்திலிருந்து வரும் ஒரு தமிழ்ப் பெண்மணி. கிட்டத்தட்ட என் வயது. பதினொரு வருடமாகத் தினக்கூலி. அந்த ஆண்டுதான் அவரை நிரந்தரமாக்கும் காகிதம் எங்கள் பேராசிரியரின் கையெழுத்துக்காக வந்திருந்தது. தீவனத்தை எடைபோட்டு வைப்பதும், மறுநாள் மிச்சத்தை எடைபோட்டு எழுதுவதும் அவர் வேலை.

“சார், மூணாவது லைன் சாப்பிடவே மாட்டேங்குது. வெச்சது வெச்சபடி கெடக்கு” என்றார் ஒருநாள்.

“பழகிடும்மா.”

“என்னத்த பழகும்? அந்த வாளியத் தொறந்தா எனக்கே கொமட்டுது. நான் மீன் திங்கறவ சார். இது மீன் வாசன இல்ல. கெட்டுப்போன எண்ண.”

“எலிக்கு அதெல்லாம் என்ன தெரியும்?”

“எலிக்குத்தான் சார் தெரியுது. படிச்சவங்களுக்குத்தான் மூக்கு அடச்சுக்குது.”

சிரித்துக்கொண்டே போனார். நானும் சிரித்தேன். வாளியை மாற்றவில்லை.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. மூன்றாவது வரிசையில் இன்சுலின் குறைவு, சர்க்கரை குறைவு, கொழுப்பும் குறைவு. தாளைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, “எலிகளின் எடை என்ன?” என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் விலங்குக்கூடத்துக்கு நடந்தார்.

அந்த அம்மா கூண்டுகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். மூன்றாவது வரிசை இளைத்திருந்தது. அரைப்பட்டினி கிடக்கும் எந்த எலிக்கும் இன்சுலின் குறையும். மீன் எண்ணெய் என்று நினைத்து நான் அளந்து வைத்திருந்தது பசியைத்தான்.

“தீவனம் தினமும் புதிதாகக் கலந்ததுதானே?” பேராசிரியர் கன்னடத்தில் கேட்டார்.

அலமாரி அவருக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது. விடுப்பில் ஏழு மாதம் மிச்சமிருந்தது.

“புதியதுதான் சார்” என்றேன். “லீவு நாட்களில் இவர் சரியாக வைப்பதில்லை என்று நினைக்கிறேன். எடையையும் கண்மதிப்பாக எழுதிவிடுகிறார்.”

அந்த அம்மாவுக்குக் கன்னடம் என்னைவிட நன்றாகத் தெரியும். பேராசிரியர் அவர் பக்கம் திரும்பி, “அப்படியா?” என்றார். அந்த அம்மா அலமாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தக் கதவை அவர் திறந்தால் என் படிப்பு அங்கேயே முடிந்தது.

“சாரே சொல்றாரு இல்ல” என்றார் தமிழில். “அவருக்குத் தெரியாததா?”

காகிதத்தில் கையெழுத்து விழவில்லை. அந்த மாதக் கடைசியோடு வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சோதனையை மறுபடி செய்தேன். இந்த முறை தினமும் காலையில் நானே கலந்தேன். மூன்று வரிசையும் ஏறக்குறைய ஒரே அளவு தின்றன. அப்படியும் மூன்றாவது வரிசையில் இன்சுலின் ஏறவில்லை, கொழுப்பு குறைந்தது. விடை முதலிலிருந்தே ‘ஆம்’ என்றுதான் இருந்திருக்கிறது. கை நாற்றத்தைப் பொறுத்துக்கொண்டிருந்தால் போதும். மனிதர்களிடம் விஷயம் அவ்வளவு தெளிவாக இல்லை. மீன் எண்ணெயால் ரத்தக் கொழுப்பு குறைகிறது, சர்க்கரை பெரிதாக அசைவதில்லை. இதையெல்லாம் பிற்பாடு வகுப்புகளில் நிறையப் பேசியிருக்கிறேன். அந்த அம்மாவைப் பற்றிப் பேசியதில்லை.

முடிவு வந்த வாரம் ஒக்கலிபுரத்துக்குப் போனேன். வீட்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

“என்ன சார், இப்ப எலி சாப்புடுதா?”

“சாப்பிடுதும்மா. உங்க மேல தப்பே இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“எனக்குத் தெரியாதத சொல்ல வந்தீங்களாக்கும்? பெரிய சார்கிட்ட போய் சொல்லுங்க. அந்த எடத்துக்கு இன்னும் யாரையும் போடலையாம்.”

எனக்குக் கோபம் வந்தது. அதை நினைத்தால்தான் இன்னும் கூசுகிறது. “அன்னைக்கே நீங்க அலமாரியத் திறந்து காட்டியிருக்கலாமே?”

“காட்டியிருந்தா உங்க படிப்பு போயிருக்கும்” என்றார், செருப்பை மாட்டிக்கொண்டே. “நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு நின்னேன்.”

“நாளைக்குச் சொல்லிடறேன்” என்றேன்.

மறுநாள் பேராசிரியரின் அறைக்குப் போகத்தான் செய்தேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை மேசைமேல் வைத்தேன். அவர் புரட்டிப் பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்றார். நான் நின்றுகொண்டே இருந்ததால் நிமிர்ந்து, “வேறு ஏதாவது?” என்று கேட்டார்.

“ஒன்றுமில்லை சார்” என்றேன்.