கலையாத எதிரொலி

கடலுக்குள் ஒலியை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைத் திரையில் படிப்பதுதான் அந்தக் கண்காணிப்புப் படகில் அவள் வேலை. பன்னிரண்டு வருட அனுபவம். ஆனாலும் துறைமுகத்தில் அவளுக்குப் பெயர் 'மீனம்மா'. இரண்டு வருடம் முன்பு ஒரு மீன் கூட்டத்தை எண்ணெய்க் கசிவு என்று சொல்லி, துறைமுகத்தையே ஒரு நாள் முடக்கிய பெருமை அவளுடையது.

அன்று நண்பகலில் கடல் கொந்தளித்துக்கொண்டிருந்தது. எங்கும் நுரை, எண்ணெய் மிதந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கடலடியில் எண்ணெய்க் குழாய் போகும் இடத்துக்கு மேலே படகு வந்தபோது, திரையில் கடல்தரையிலிருந்து புகை போல ஒன்று எழுந்து சாய்ந்து நின்றது.

"மறுபடியும் மீன்தானேம்மா?" என்றார் கேப்டன்.

"இன்னொரு தடவை மேல போங்க சார். மீன்னா இன்ஜின் சத்தத்துக்குக் கலைஞ்சுடும்."

மூன்று முறை போனார்கள். அது அசையவில்லை. மாதிரி எடுக்கும் குப்பியை இறக்கினார்கள். வந்தது பளிச்சென்ற தண்ணீர்.

கேப்டன் உதட்டைப் பிதுக்கினார். "போதும்மா, திரும்பலாம்."

இன்னும் முக்கால் மணி நேரத்தில் நீரோட்டம் திரும்பிவிடும். திரும்பினால் அந்தப் புகை நேரே போகும் இடம், கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் வாய். அங்கே கட்டுப்பாட்டு அறையில் இருந்தது அவள் தங்கை. அவளைப் போனில் கூப்பிட்டாள்.

"உள்ள வர்ற தண்ணிய நிறுத்துடி. கடலுக்கடியில எண்ணெய்க் குழாய் கசியுது."

"அக்கா, நிறுத்தினா ஊரே குடத்தோட வந்து நிக்கும். மாதிரி எடுத்தியா? எண்ணெய் வந்துச்சா?"

"வரல. நீரோட்டம் குப்பியைத் தள்ளிடுச்சு."

"அப்ப எதை வச்சு நிறுத்தச் சொல்ற? போன தடவை மாதிரி ஆச்சுன்னா?"

"பழி என் தலையில இருக்கட்டும். மூடு."

பதில் இல்லாமல் போன் துண்டிக்கப்பட்டது.

கேப்டன் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு படகை மறுபடி அந்த இடத்துக்கு மேலேயே கொண்டுபோனார். குப்பியில் கனமான இரும்பைக் கட்டினார்கள். அவள் திரையைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, கயிறு இறங்கியது. ஏறி வந்த குப்பி தார் போலக் கறுத்திருந்தது. நாற்றம் மூக்கைத் துளைத்தது.

கேப்டனே ரேடியோவைப் பிடுங்கிக் கத்தினார். சற்று நேரத்தில் எண்ணெய்க் குழாய் மூடப்பட்டது. மறுநாள் குழாயில் ஒரு சாண் விரிசலை முக்குளிப்பவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆலையின் வெளிக்கம்பி வலையில் எண்ணெய் அப்பியிருந்தது. உள்ளே ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

"அன்னைக்கு ஏன்டி பதிலே சொல்லாம வச்ச? எனக்கு உயிரே போயிடுச்சு" என்று தங்கையைக் கடிந்துகொண்டாள்.

"உங்கூடப் பேசிக்கிட்டே இருந்தா எப்பக்கா மூடுறது?" என்றாள் தங்கை.