குடையை நீட்டியவன்

மழைக்காலம் வந்தால் எனக்கு முதலில் வலிப்பது முழங்கால், அடுத்தது மானம். இரண்டுக்கும் வைத்தியம் பார்த்து அலுத்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில், உத்திரமேரூரில் டைப்ரைட்டிங் வகுப்பு முடித்துவிட்டு மானாம்பதி பஸ்ஸில் திரும்புவோம், நானும் அவளும். தூரத்து உறவுதான். முறைக்குப் பொருந்தாதவன் அல்ல நான். வேலை இல்லாதவன், அவ்வளவுதான். ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியாகப் பாய்ந்தால் வழியில் தரைப்பாலம் முழுகிவிடும். டிரைவர் இக்கரையிலேயே எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார். இறங்கியவர்கள் கையோடு கை பிடித்துச் சங்கிலியாகக் கடக்க வேண்டும். ஆண், பெண் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை.

ஒரு வருடம் எனக்குப் பின்னால் நின்ற அவள் கையை நீட்டினாள். பல மாதமாக நான் மனசுக்குள் பிடித்துப் பிடித்து ஒத்திகை பார்த்த கை. எனக்கோ தொடக் கூச்சம். குடையை மடக்கி அதன் நுனியை நீட்டினேன். அவள் குடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டிருந்த ஒரு பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த ஆட்டுக்குட்டிகூட என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அதோடு பேச்சு நின்றது. மழையும் நின்றது. மூன்று வருடம் ஏரி நிரம்பவில்லை. ஊர் நடவுக்காக வானத்தைப் பார்த்தது. நான் தரைப்பாலத்துக்காகப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் வேலை கேட்டுப் படியேறி இறங்கியதில் செருப்பு தேய்ந்தது, நானும் தேய்ந்தேன்.

நாலாம் வருடம் ஐப்பசியில் கொட்டியது. ‘அப்புறம் பார்க்கலாம்’ என்ற வழக்கமான பதிலோடு திரும்பிக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் அவள். ஞாயிற்றுக்கிழமை ராஜகுளத்திலிருந்து தன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள், அப்பா இன்று வீட்டில் தன்னிடம் சம்மதம் கேட்பார் என்று பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படியாக. வயிற்றில் என்னமோ கிளம்பியது. வீரம் என்று நினைத்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை, அதுதான்.

தரைப்பாலத்தில் இறங்கினோம். அவள் எனக்குப் பின்னால் வந்து நின்றாள்.

“இன்னா, இன்னிக்கும் குடை கீதா?”

இருக்கிறது என்று தலையாட்டினேன்.

“அத்த கக்கத்துல வெச்சிக்கினு கைய குடு. ஒவ்வொரு தபாவும் ஏரி ரொம்பாது.”

கொடுத்தேன். நடுவழியில் வழுக்கியது நான்தான். இழுத்து நிறுத்தியவள் அவள். என் ஒரு செருப்பு தண்ணீரோடு போனது. அக்கரையில் அவள் அப்பா நனைந்த சைக்கிளோடு, நனைந்த முகத்தோடு நின்றிருந்தார். சங்கிலி கலைந்து எல்லோரும் நடந்துவிட்டார்கள். நாங்கள் மட்டும் அப்படியே நின்றோம்.

“கரைக்கு வந்தாச்சேப்பா. கைய வுடேன்,” என்றார் அவர்.

“வுட மாட்டேங்க. எனக்கே கட்டிக் குடுங்க.”

தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தில் விரல்கள் மரத்துப்போய், எடுக்க நினைத்தும் எடுக்க வரவில்லை. கை இப்படி நின்றுவிட்டதால் வாய் ஏதாவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள், கையை இழுத்துக்கொள்ளவில்லை. கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை போலும். சைக்கிள் சீட்டின் தண்ணீரைத் துண்டால் வெகுநேரம் துடைத்தார்.

“ராஜகுளத்துக்காரங்கள வரச் சொல்லிக் கீறேன். நாளைக்கு நான் போயி தலைய தொங்கப் போட்டுக்கினு நிக்கணும். நீயும் வா. வர வேணாம்னு நீயே சொல்லு.”

விடிந்து பார்த்தால் தண்ணீர் வடியவில்லை. ராஜகுளம் போக அதே தரைப்பாலத்தைக் கடந்தாக வேண்டும். வெறுங்காலோடு போய் நின்றேன். பிற்பாடு எனக்கு மாமனாரான அந்த மனிதர் என் மணிக்கட்டைப் பிடித்தார், நான் பாதியில் திரும்பி ஓடிவிட முடியாத அளவுக்கு இறுக்கமாக.